காட்டு மிருகங்களும் காமிரா வேட்டையும்

பந்திப்பூர் வனத்தினூடே செல்லும் நெடுஞ்சாலையில் 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நிகழ்ந்த சம்பவத்தை நேயர்களில் பலர் சலனப்படமாகவே பார்த்திருப்பார்கள். சாலையோரத்தில் நின்ற காட்டு யானையோடு தம்மையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொள்ள விரும்பிய ஒருவர் அதனை நெருங்கினார். யானை திரும்பிற்று, துரத்திற்று. ஓடியவர் இடறி விழுந்தார். யானை அவரை மிதித்துவிட்டு, மேலும் ஒன்றும் செய்யாமல் விலகிச் சென்றது. காயத்தோடு உயிர் பிழைத்த அவருக்கு வன இலாகா 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. வண்டிகளில் இருந்தவர்கள் இவ்வளவையும் படம் பிடித்தார்கள். தேசமெங்கும் ஜனங்கள் அதனைப் பார்த்தார்கள். சிலர் பரிதபித்தார்கள், சிலர் பரிகசித்தார்கள். ஒரு வாரத்தில் யாவரும் மறந்தார்கள்.

நாம் மறக்க விரும்பவில்லை. அந்த ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதும் நமது நோக்கமன்று. அவர் செய்ததைச் செய்ய எண்ணுகிறவர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீலகிரிக்குப் போகிற சாலைகளில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பெரிய காட்டு மிருகத்தைக் கிட்டத்தில் படம் பிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு இவர்கள் அறிந்த ஒரே விடை, கிட்டத்தில் போவது என்பதே. அந்த விடை தவறானது என்பதையும், அத்தவற்றுக்கு விலை கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் வேறு யாரோ என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டு மிருகத்தைப் படம் பிடிக்க விரும்புவது தவறா என்றால், இல்லை என்றே சொல்லுவோம். அது துப்பாக்கியைக் கீழே வைத்ததன் பயனாகப் பிறந்த ஆசை. வெள்ளைக்காரத் துரைமார்களும் நமது சமஸ்தானாதிபதிகளும் சுட்டு வீழ்த்திய புலியின் மேல் காலை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் சட்டம் துப்பாக்கியைப் பறித்ததேயன்றி, வெற்றிச் சின்னம் தேடும் மனோபாவத்தைப் பறிக்கவில்லை. மிருகத்தைக் காட்டிலும் மிருகத்தின் பக்கத்தில் நிற்கும் தம்மைக் காட்ட விரும்புகிறவர், அந்தத் துரையின் வாரிசே ஆவார்.

படம் பிடிக்கும் வித்தையில் உண்மையான தேர்ச்சி பெற்றவர்கள் சென்ற வழி முற்றிலும் வேறு. அமெரிக்கரான ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் இரவில் காட்டு மிருகங்களைப் பிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் 1906-ஆம் வருஷம் 'நேஷனல் ஜியாகிரபிக்' பத்திரிகையில் வெளிவந்து உலகத்தை வியக்க வைத்தன. மிருகத்தின் கால் பட்டதும் காமிரா தானே இயங்கும்படி கம்பி கட்டும் முறையையும் அவர் கையாண்டார். நமது நாட்டில், ஐக்கிய மாகாணத்து வன உத்தியோகஸ்தராக இருந்த எப்.டபிள்யூ. சாம்பியன் என்ற ஆங்கிலேயர் அம்முறையைப் புலிகளின்மேல் பிரயோகித்தார். புலி நடக்கும் பாதையில் கம்பியைக் கட்டி, காமிராவை மறைத்து வைத்துவிட்டு அவர் போய்விடுவார். இருளில் வந்த புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டு தன் வழியே போகும். 1927-ல் வெளியான அவருடைய நூலில் உள்ள படங்களைப் பார்ப்பவர்கள், புலி சில அடி தூரத்தில் நிற்பதாகவே உணர்வார்கள். புலி அங்கே நின்றது மெய். மனிதன் அங்கே நிற்கவில்லை. தமது சகாக்கள் துப்பாக்கியோடு அலைந்த காலத்தில் அவர் காமிராவை எடுத்தார். அந்நிய ஆட்சியை எதிர்த்தவர்களும் அந்த உத்தியோகஸ்தரிடமிருந்து கற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் முன்மாதிரிக்குக் குறைவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் (1912–1996), கறுப்பு வெள்ளைப் படச்சுருளைக் கொண்டு முதுமலை முதலிய காடுகளில் யானைகளையும் காட்டுமாடுகளையும் எடுத்த படங்கள் இன்றும் ஒப்பற்றவை. பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து, காட்டு மிருகங்கள் மிரளாத வண்ணம் பொறுமையோடு அணுகுவது அவர் கையாண்ட முறைகளில் ஒன்று. மிருகத்தின் மனத்தை அறிந்துகொள்ளாதவன் அதன் உருவத்தைப் படம் பிடிக்க முடியாது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

சாம்பியனின் கம்பி முறைதான் இன்று பெரிய விஞ்ஞானமாக வளர்ந்திருக்கிறது. 2018-ஆம் வருஷத்துப் புலிக் கணக்கெடுப்பில் இந்தியக் காடுகளில் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராக்கள் வைக்கப்பட்டன. அவை எடுத்த படங்கள் மூன்று கோடியே நாற்பத்தெட்டு லட்சத்துக்கு மேல். அவற்றில் புலியின் படங்கள் மட்டும் 76,651. இவ்வளவு கிட்டத்தில், இத்தனை புலிகளை, இதற்கு முன் யாரும் படம் பிடித்ததில்லை. அவற்றில் ஒரு படத்துக்காகவேனும் எந்த மனிதனும் புலியின் எதிரில் போய் நிற்கவில்லை. அண்மை என்பது காமிராவுக்கு வேண்டியதேயொழிய மனிதனின் உடலுக்கு வேண்டியதன்று என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக நிரூபிக்க இயலாது.

எல்லோரும் காட்டில் காமிராக்களைக் கட்டிவைக்க முடியாது; சட்டமும் அதற்கு இடங்கொடாது. கையில் காமிரா வைத்திருப்பவர் என்ன செய்வது? இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் 400 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய காமிராவால், 70 மீட்டர் தூரத்தில் நிற்கும் யானையைப் படம் நிறைய எடுத்துவிடலாம். சாதாரணக் கைப்பேசியின் லென்ஸ் விரிந்த காட்சிக்கென்று செய்யப்பட்டது. அதே அளவில் யானையைக் காட்ட வேண்டுமானால், அதை வைத்திருப்பவர் ஏறத்தாழ நாலரை மீட்டரில் போய் நிற்க வேண்டும். யானை ஓரடி எடுத்து வைத்துத் துதிக்கையை நீட்டினால் எட்டிவிடும் தூரம் அது. கைப்பேசி கண்ணுக்குத் தெரிவதைவிட யானையைச் சிறிதாகக் காட்டுகிறது; இன்னும் சற்று, இன்னும் சற்று என்று மனிதனை முன்னே இழுக்கிறது. தம்மையும் சேர்த்து எடுக்கும் செல்பியோ இதனினும் கேடு. ஏனெனில் அதற்கு மிருகத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஆகவே, கருவியின் இயல்பே ஆபத்துக்கு ஒரு காரணமாக இருக்கிறது என்பதை உணர வேண்டும்.

இந்த நோய் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1872-ல் ஸ்தாபிக்கப்பட்ட எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜமும், பைசன் என்னும் காட்டெருது முதலியவற்றுக்கு 25 கஜமும் விலகி நிற்க வேண்டுமென்பது விதி. 2015-ஆம் வருஷத்தில் அங்கே ஐவர் பைசனால் காயமுற்றார்கள். ஐவருமே அவ்விதியை மீறியவர்கள். அவர்களில் மூவர் சில அடி தூரத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். அம்மூவரில் இருவர் மிருகத்துக்கு முதுகு காட்டி நின்றவர்கள். செல்வமும் கல்வியும் நிறைந்த தேசத்தின் நிலை இது.

நமது தேசத்திலும் விதி இல்லாமலில்லை. புலிகள் காப்பகங்களில் சுற்றுலா செல்வோர் எந்த மிருகத்திடமிருந்தும் 20 மீட்டருக்கு மேல் விலகியிருக்க வேண்டுமென்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012-ஆம் வருஷத்து வழிகாட்டு விதிகள் கூறுகின்றன. ஆனால் 20 மீட்டர் என்றால் என்ன? தாய்லாந்தில் யானைகளின் ஓட்டத்தை அளந்த ஆராய்ச்சியாளர்கள், ஆசிய யானை விநாடிக்கு 6.8 மீட்டர் வேகத்தில் செல்லக்கூடும் என்று 2003-ல் வெளியிட்டார்கள். அக்கணக்கின்படி, சினங்கொண்ட யானை 20 மீட்டரைக் கடக்க மூன்று விநாடி போதும். அதற்குள் படம் பிடிப்பவர் ஆபத்தை உணர்ந்து, திரும்பி, கல்லும் முள்ளும் நிறைந்த தரையில் எவ்வளவு தூரம் ஓடிவிடப் போகிறார்? ஆகவே 20 மீட்டர் என்பது வண்டியில் இருப்பவருக்கு வகுத்த கடைசி எல்லையே தவிர, தரையில் நிற்பவருக்குக் கிடைத்த அபயம் ஆகாது. மிருகம் எவ்வளவு தூரம்வரை நம்மைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருக்கிறதோ, அதுவே மெய்யான பாதுகாப்புத் தூரம். மேய்வதை நிறுத்தி அது நம்மைப் பார்க்கத் தொடங்கிவிட்டால், அளவுகோல் என்ன சொன்னாலும் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்பதே பொருள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நமது பழமொழி. மணி கட்டியிருப்பது கோயில் யானைக்கு. காட்டு யானையின் மணியோசை அதன் காதிலும் துதிக்கையிலும் வாலிலும் இருக்கிறது. காதுகளை விரித்து அசையாமல் நம்மை நோக்கி நிற்பது, துதிக்கையை உயர்த்தி மோப்பம் பிடிப்பது, தலையை உலுக்குவது, காலால் மண்ணை உதைப்பது, வாலை விறைத்துத் தூக்குவது ஆகிய இவை யாவும் விலகிப் போ என்று அது சொல்லும் மொழி. கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் வழியும் களிற்றையும், கன்றோடு நிற்கும் பிடியையும் கண்டால் படம் பிடிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நலம். காட்டுமாடு தன் பக்கவாட்டு உருவத்தைக் காட்டி நிற்பது அழகு காட்டுவதற்காக அன்று. தன் பருமனைக் காட்டி எச்சரிப்பதற்காக. கரடிக்குக் கண்பார்வை மந்தம். திடீரென்று கிட்டத்தில் மனிதனைக் கண்டால் அது முதலில் தாக்கும். யானையின் முதற் பாய்ச்சல் பெரும்பாலும் பயமுறுத்தலே என்று சொல்லக் கேட்டு நின்று பார்க்கிறவர்கள் உண்டு. எது பயமுறுத்தல், எது மெய்யான தாக்குதல் என்று அந்த மூன்று விநாடியில் தீர்மானிக்கத்தக்க நிபுணர் சுற்றுலாக்காரர்களில் யாரும் இலர்.

கோயில் யானையைப் பற்றிச் சொன்னதன் காரணம் இன்னொன்றும் உண்டு. குழந்தைப் பருவம் முதல் யானையின் கையில் காசு கொடுத்து ஆசி பெற்று வளர்ந்த சமூகம் நம்முடையது. யானையைக் கண்டால் விநாயகரென்று கைகூப்புகிறோம். அந்தப் பக்தியும் பரிச்சயமுமே காட்டு யானையிடமும் உரிமையோடு கிட்டப்போகத் தூண்டுகின்றன. தெய்வமென்று கருதுவோமாயின், கருவறைக்கு வெளியே நின்று தரிசிக்கும் மரியாதையையாவது அதற்குக் கொடுக்க வேண்டாமா?

இது நிற்க. நெருங்கிப் போனதன் பலனை யார் அனுபவிக்கிறார்கள் என்பதே முக்கியமான விஷயம். மசினகுடி வட்டாரத்தில் ரிவால்டோ என்று ஜனங்கள் பெயரிட்டு அழைத்த காட்டு யானை ஒன்று உண்டு. துதிக்கையில் காயமுற்ற அந்த யானைக்கு மனிதர்கள் பழங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். கிட்டத்தில் நிற்கும் யானை என்பதால் பார்ப்பவருக்குக் கொண்டாட்டம். யானையோ வீடுகளைத் தேடி வரக் கற்றுக்கொண்டது. விளைவு என்ன? 2021 மே மாதம் அதனைப் பழத்தைக் காட்டியே மரக்கொட்டடிக்குள் அடைத்தார்கள். மூன்று மாதம் சிறையிருந்தபின், 2021 ஆகஸ்டில், கழுத்தில் ரேடியோப் பட்டையுடன் முதுமலையின் உட்காட்டில் விடுதலை செய்தார்கள். அது அங்கே தங்காமல், பழகிய இடத்தை நோக்கியே நடந்தது. யானை செய்த குற்றம் மனிதனை நம்பியது, தண்டனை அதற்கு, பழம் கொடுத்தவர்களுக்கு ஒரு தண்டனையும் இல்லை.

சீண்டப்பட்ட யானையின் கதை இதனினும் கொடியது. படம் பிடித்தவர் காரில் ஏறி மாலைக்குள் கோயமுத்தூருக்கோ பெங்களூருக்கோ போய்ச் சேர்ந்துவிடுவார். இரைச்சலாலும் துரத்தலாலும் வெகுண்ட யானை அங்கேயே இருக்கும். மறுநாள் விடியற்காலையில் அதன் எதிரில் நடந்து வரப்போகிறவர் யார்? தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண், விறகுக்குப் போகும் குறும்பர், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பணியர் வீட்டுப் பிள்ளை, தேன் எடுக்கப் போகும் காட்டுநாயக்கர். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 பேர் யானையால் மாண்டுபோகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் காட்டோரத்து ஏழைகள். கையில் காமிரா இல்லாதவர்கள். இம்மரணங்களுக்கெல்லாம் போட்டோ ஆசையே காரணம் என்று நாம் சொல்லவில்லை. காடு சுருங்கியதும், யானைப் பாதைகள் அடைபட்டதும் பெரிய காரணங்கள். அப்பெரிய துன்பத்தின்மேல் நமது பொழுதுபோக்கையும் சுமத்துவது நியாயமா என்பதே கேள்வி. 2025-ல் வெளியான கணக்கின்படி இந்தியாவின் 22,446 யானைகளில் பாதிக்கு மேல் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மூன்று ராஜ்யங்களிலேயே இருக்கின்றன. ஆதலால் இப்பொறுப்பில் பெரும்பங்கு நம்முடையது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 27-வது பிரிவு, சரணாலயத்துக்குள் எந்தக் காட்டு மிருகத்தையும் சீண்டவோ துன்புறுத்தவோ கூடாதென்று விதிக்கிறது. 28-வது பிரிவின்படி படம் பிடிப்பதற்கு அனுமதி பெற்று நுழையலாம். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலா செல்வோர் கைப்பேசியை உபயோகிப்பதையும், இரவுச் சுற்றுலாவையும் தடுத்து உத்தரவிட்டது. இவை யாவும் நல்லவை. ஆனால் ஜீப்பில் வழிகாட்டியோடு போகும் பிரயாணிக்கு உள்ள கட்டுப்பாடு, காட்டை ஊடறுத்துச் செல்லும் பொதுச் சாலையில் சொந்தக் காரில் போகிறவருக்கு நடைமுறையில் இல்லை. அபாயம் பெரும்பாலும் நிகழ்வது அந்தச் சாலையில்தான்.

ஆகவே நாம் கோருவது இது. முதலாவதாக, முதுமலை, பந்திப்பூர், வயநாடு மூன்றும் ஒரே காட்டின் பகுதிகள். மூன்று சர்க்கார்களும் ஒரே விதியையும் ஒரே அபராதத்தையும் அமல் நடத்த வேண்டும். யானைக்கு எல்லைக்கல் தெரியாது. குற்றவாளிக்கு மட்டும் அது புகலிடமாகக் கூடாது. இரண்டாவதாக, விடுமுறை நாட்களில் காட்டுச் சாலைகளில் ரோந்து போகும் வேலையை, காட்டின் மொழியறிந்த அவ்வூர் ஆதிவாசி இளைஞர்களுக்கு நியாயமான ஊதியத்தோடு கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, வேலியிட்ட மேடைகளையும் மறைவிடங்களையும் தக்க இடங்களில் அமைத்து, நீண்ட லென்ஸ்களையும் தூரதிருஷ்டிக் கண்ணாடிகளையும் சிறு வாடகைக்குக் கொடுக்கலாம். விலையுயர்ந்த கருவி வாங்க இயலாத ஏழை மாணவன் எப்படிப் படம் பிடிப்பான் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

சர்க்காரை மட்டும் குறை கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. படம் பிடிக்கப் போகிறவர்கள் சில நியமங்களைத் தாமே ஏற்க வேண்டும். வண்டியை விட்டு இறங்கலாகாது. யானை சாலையில் நின்றால் தொலைவிலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், அது கடக்க வழிவிட வேண்டும். அது முன்னே வந்தால் மெதுவாகப் பின்வாங்க வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே வண்டியைச் செலுத்தலாகாது. பிளாஷ் வெளிச்சமும் உணவு கொடுத்து அழைப்பதும் அறவே கூடாது. கைப்பேசி ஒன்றுதான் கையில் உள்ளதென்றால், யானை சிறிதாகவும் காடு பெரிதாகவும் தெரியும் படத்தோடு திருப்தியடைய வேண்டும். காட்டின் நடுவே சிறியதாய்த் தெரியும் யானையின் படமே உண்மையான படம். அது வாழும் இடத்தை அது சொல்கிறது.

பத்திரிகைகளாகிய நாமும் இப்பாவத்தில் பங்காளிகளே. கண்ணைப் பறிக்கும் படம் வந்தால், அது எடுக்கப்பட்ட விதத்தை விசாரியாமல் பிரசுரித்திருக்கிறோம். துரத்தும் யானையின் காட்சியை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டிருக்கிறோம். இனி, மிருகத்தை நெருங்கியோ சீண்டியோ எடுத்ததாகத் தெரியும் எந்தப் படத்துக்கும் இப்பத்திரிகையில் இடமில்லை என்பதை நேயர்களுக்கு உறுதி கூறுகிறோம். மற்றப் பத்திரிகைகளும் போட்டோச் சங்கங்களும் இவ்வாறே தீர்மானிக்குமாயின், அபராதத்தால் ஆகாத காரியம் ஆகும். பார்ப்பவர் இல்லாத சாகசத்தைச் செய்பவர் சிலரே.

சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு, அந்நியனை அகற்றுவது என்பது மட்டும் பொருளன்று. தன்னைத் தான் ஆளுவது என்பதே அதன் முழுப் பொருள் என்று நமது தலைவர்கள் இடைவிடாமல் போதித்தார்கள். கேட்பாரற்ற காட்டுச் சாலையில், காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்கலாமா என்ற ஆசை எழும் அந்தக் கணத்தில்தான் அப்போதனை சோதிக்கப்படுகிறது. அங்கே போலீஸ் இல்லை, மாஜிஸ்திரேட் இல்லை, வண்டிக் கதவின் கைப்பிடி ஒன்றே இருக்கிறது. அதனைத் திறவாமல் இருக்கும் பிரஜை தன் உயிரை மட்டுமன்று, மறுநாள் காலையில் அவ்வழியே நடக்கப்போகும் முகமறியாத ஒருவரின் உயிரையும், அந்த யானையின் சுதந்திரத்தையும் காப்பாற்றுகிறான். அவன் கொண்டுவரும் படத்தில் யானை சிறிதாகத் தெரியலாம். அவனை நாம் பெரியவனென்றே மதிப்போம்.